கண்ணீரை அளப்பது எப்படி: ஷிர்மர் தாளா, சிவப்பு நூலா, இமையோர ஈரமா?

“ஷிர்மர் 12 வந்திருக்கு, அப்ப எனக்குக் கண் உலர்வு இல்லைதானே?” என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கண்ணை மரக்கச் செய்யும் மரப்பு மருந்து விட்டு எடுத்தார்களா, விடாமல் எடுத்தார்களா? (ஷிர்மர் என்பது கீழிமையில் ஒரு வடிதாள் துண்டை மாட்டி, 5 நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்க்கும் கண்ணீர்ச் சோதனை.) பெரும்பாலும் பதில் தெரியாது. ரிப்போர்ட்டைப் புரட்டினால் அதிலும் இருக்காது. “வ. 12, இ. 10” என்று இரண்டு எண் மட்டும் இருக்கும். மருந்து விட்டு 12 என்றால் நல்ல சுரப்பு. விடாமல் 12 என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அந்தக் கண்ணில் இயல்பாக ஊறுவது 3 ஆகவும் இருக்கலாம், மிச்சமெல்லாம் தாள் உறுத்தியதால் வந்ததாக இருக்கலாம்.

கண் பரிசோதனை அறையில் பல வருடங்களாக இந்தத் தாளையும் நூலையும் கையாண்டு வருகிறேன். கண் உலர்வுக்குச் சோதனை செய்துகொண்டவர்களுக்கும், இதைப் புதிதாகச் செய்யப் பழகும் ஆப்டோமெட்ரி மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்தச் சோதனை எதை அளக்கிறது, எப்படிச் செய்ய வேண்டும், வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், அவ்வளவுதான் விஷயம்.

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. ஊற்றிலிருந்து தானாக எவ்வளவு ஊறுகிறது என்பது இன்னொன்று. தோண்டிக் கிளறினால் எவ்வளவு வரும் என்பது மூன்றாவது. கண்ணுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். நிற்கும் நீரை அளப்பவை ஃபீனால் ரெட் நூலும் (தலைப்பில் சொன்ன சிவப்பு நூல்) இமையோர ஈரத்தின் உயரமும். தானாக ஊறும் நீருக்கு மரப்பு மருந்து விட்டுச் செய்யும் ஷிர்மர். கிளறினால் வரும் நீருக்கு மூக்கைத் தூண்டிச் செய்யும் ஷிர்மர். மருந்து விடாமல் செய்யும் சாதாரண ஷிர்மர் இந்த மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறது, அதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம்.

நாம் அளக்கப்போவது எவ்வளவு கொஞ்சம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கண்ணில் எந்த நேரமும் நிற்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு ஊறுவது 1 மைக்ரோலிட்டர் சொச்சம். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். அதாவது சோதனைக்கு முன் ஒரே ஒரு சொட்டு விட்டாலும் கண்ணில் இருப்பதைப் போலப் பல மடங்கை நாமே ஊற்றிவிடுகிறோம். எதை முன்னால் செய்ய வேண்டும், எதைப் பின்னால் தள்ள வேண்டும் என்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சாதாரண ஷிர்மர், மருந்து விடாமல்

ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1903இல் எழுதிய முறை. நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது, காரணம் இதற்கு ஒரு வடிதாள் துண்டு போதும், கரண்ட்கூட வேண்டாம். தாள் 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம், ஒரு முனையில் சின்ன வெட்டுக்குறி இருக்கும்.

செய்யும் விதம்: தாளை உறைக்குள் இருக்கும்போதே வெட்டுக்குறி இருக்கும் இடத்தில் மடித்துவிடுங்கள். வெறும் விரலால் அந்த முனையைத் தொட்டால் விரலில் உள்ள எண்ணெய்ப்பசை தாளில் ஏறி, நீர் ஊறுவதைத் தடுக்கும். நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை மெதுவாக இழுத்து, மடித்த முனையை இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில், காதுப் பக்கமாக மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் கருவிழியில் உரசும், அப்புறம் அளப்பது முழுக்க உறுத்தல் கண்ணீரைத்தான். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் மாட்டி, கடிகாரத்தை ஓட விடுங்கள். 5 நிமிடம்.

கண் திறந்திருக்க வேண்டுமா, மூடியா? இரண்டு வழக்கமும் உண்டு. நான் மூடச் சொல்வேன். இறுக்கி மூடக் கூடாது, தூங்குவது மாதிரி லேசாக. மூடிய கண்ணில் காற்றும் வெளிச்சமும் சிமிட்டலும் குறுக்கிடுவது குறைவு, எண் கொஞ்சம் நிலையாக வரும். எதைச் செய்தாலும் அதை எழுதி வையுங்கள்.

தாளை எடுத்ததும் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஈரம் நேர்க்கோடாக நிற்காது, பல நேரம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சாய்வாக நிற்கும், வெளியே எடுத்த பிறகும் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எடுத்த உடனே பேனாவால் ஈரத்தின் விளிம்பில் கோடு போட்டுவிட்டு, அப்புறம் நிதானமாக அளக்க வேண்டும். சாய்வாக இருந்தால் உயரமான முனையையும் தாழ்ந்த முனையையும் கூட்டிப் பாதி. அளவு மடிப்பிலிருந்து தொடங்கும், தாளின் நுனியிலிருந்து அல்ல. 5 நிமிடத்துக்கு முன்பே முழுத் தாளும் நனைந்துவிட்டால் “முழுத்தாள், 2 நிமிடம்” என்று எழுதி எடுத்துவிடுங்கள், அந்த ஆளை மேற்கொண்டு 3 நிமிடம் உட்கார வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் சுரப்பு தெளிவாகக் குறைவு. 10க்கு மேல் என்றால் இந்தச் சோதனை அளவில் சரி. நடுவில் விழுந்தால் சந்தேகம். ஆனால் இந்தச் சோதனையின் சங்கடம் இதுதான்: குறைந்த எண்ணை நம்பலாம், கூடிய எண்ணை நம்ப முடியாது. தாள் உறுத்தியும்கூட 3 மி.மீ.தான் வந்தது என்றால் அந்தக் கண்ணீர்ச் சுரப்பியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். 25 வந்தது என்றால் சுரப்பி பயங்கரமாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, கண்ணுக்கு எரிச்சல் தாங்கவில்லை என்றும் இருக்கலாம்.

ஒரு பெண்மணி, நடுத்தர வயது, நாளெல்லாம் திரை முன் வேலை. வேறொரு இடத்தில் ஷிர்மர் எடுத்து 22, 20 வந்ததால் கண் உலர்வே இல்லை, மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது எதையும் தொடாமல் முதலில் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் இமையோரத்தைப் பார்த்தேன், ஈரக்கோடு முடி மாதிரி மெலிந்து கிடந்தது. மரப்பு மருந்து விட்டு ஷிர்மர் எடுத்தபோது வலது 4, இடது 3. முன்பு வந்த 22இல் பெரும்பகுதி தாள் குத்தியதற்குக் கண் அழுத அழுகை. ஒன்றரை வருடம் அவர் சொன்ன எரிச்சலை யாரும் நம்பவில்லை என்று சொல்லும்போது நிஜமாகவே கண் கலங்கினார். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது, அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

மரப்பு மருந்து விட்டு

புரோபாரகெயின் 0.5% ஒரு சொட்டு. விட்டவுடன் சுரீர் என்று எரியும், கண்ணீர் வரும். அந்தக் கண்ணீர் அடங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் கீழிமைக்குள் தேங்கியிருக்கும் நீரைப் பஞ்சு முனையாலோ வடிதாள் துண்டாலோ லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. இந்த ஒற்றலை விட்டுவிட்டால் மருந்துச் சொட்டையே அளந்து கண்ணீர் என்று எழுதிவிடுவோம், புதிதாகச் செய்பவர்கள் தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். மீதி எல்லாம் முன்பு சொன்னது போலத்தான். எண் சாதாரண ஷிர்மரைவிடக் குறைவாக வருவது இயல்பு. 5க்குக் கீழே போனால் அடிப்படைச் சுரப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதையும் சுத்தமான அளவு என்று நினைக்க வேண்டாம். மருந்து கருவிழியையும் வெள்ளைவிழியையும் மரக்கச் செய்யும், இமையோரமும் இமை முடியும் முழுதாக மரப்பதில்லை. தாள் முடியில் உரசினால் அங்கிருந்தும் கண்ணீர் தூண்டப்படும். அறை வெளிச்சம், மின்விசிறிக் காற்று, பதற்றம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும்.

மூக்கைத் தூண்டிச் செய்வது எல்லோருக்கும் வேண்டியதில்லை. சாதாரண ஷிர்மர் குறைவாக வந்தவர்களுக்கு மட்டும், பஞ்சு முனையை மூக்குக்குள் விட்டுத் தூண்டி, தாள் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது. எண் நன்றாக ஏறினால் சுரப்பியில் தெம்பு இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் சுரப்பியே பழுதாகியிருக்கலாம், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயில் பார்ப்பது இந்த வகை. பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சிலர் மரப்பு மருந்து விட்டுச் செய்வதையே ஷிர்மர் 2 என்பார்கள், சிலர் மூக்கைத் தூண்டுவதை. எண்ணைப் பார்க்காமல் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

சிவப்பு நூல்

ஃபீனால் ரெட் என்ற சாயம் ஏற்றிய மெல்லிய பருத்தி நூல், 7 செ.மீ. அளவு. காய்ந்திருக்கும்போது மஞ்சள். கண்ணீர் லேசான காரத்தன்மை உடையது என்பதால் பட்ட இடமெல்லாம் சிவப்பாக மாறும். மாறுவதை நேரில் பார்க்க அழகாக இருக்கும், மஞ்சள் நூலில் சிவப்பு சரசரவென்று ஏறிக்கொண்டே போகும். முனையில் 3 மி.மீ. மடித்து, அதே வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மாட்டி, கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துச் சாதாரணமாகச் சிமிட்டச் சொல்லுங்கள். 15 நொடி. எடுத்து அளந்துவிடுங்கள். இங்கே ஷிர்மருக்கு நேர்மாறு: மடிப்பிலிருந்து அளக்கக் கூடாது, நுனியிலிருந்து முழுச் சிவப்பும் கணக்கு. மரப்பு மருந்து வேண்டாம்.

10 மி.மீ.க்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்துக்கொள்வது வழக்கம். 20க்கு மேல் வந்தால் நீரளவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உறுத்தல் மிகக் குறைவு, குழந்தைகளுக்கும் பயந்தவர்களுக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் 15 நொடியில் சுரப்பியிலிருந்து புதிதாக எவ்வளவு வந்துவிடப்போகிறது? நூல் உறிஞ்சுவது ஏற்கனவே கீழிமையோரத்தில் தேங்கியிருப்பதைத்தான். அதனால் நூல் 15, ஷிர்மர் 6 என்று ஒரே ஆளுக்கு வந்தால் ஏதோ தப்பு என்று பதறாதீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். நூலின் மி.மீ.யையும் தாளின் மி.மீ.யையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுவது மட்டும் கூடவே கூடாது.

இதே வகையில் 5 நொடியில் முடியும் மெனிஸ்கோமெட்ரி பட்டையும் உண்டு, இமையோர ஈரத்தில் நுனியை மட்டும் தொட வைத்து எடுப்பது. கிடைத்தால் நல்லது.

தொடாமல் பார்ப்பது

எனக்குக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கீழிமையின் ஓரமும் விழியும் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஈர விளிம்பு நிற்கும், கண்ணில் உள்ள நீரில் பெரும்பங்கு அங்கேயும் மேலிமையோரத்திலும்தான் இருக்கிறது. அதன் உயரம் இயல்பாக 0.2 முதல் 0.3 மி.மீ. 0.2க்குக் கீழே போனால் நீர் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஸ்லிட் லாம்ப்பிலேயே பார்க்கலாம், ஓசிடி அல்லது கெரடோகிராஃப் என்ற கண் படக் கருவி இருந்தால் படம் எடுத்து அளக்கலாம், படம் என்றால் அடுத்த முறை ஒப்பிடவும் வசதி.

கண் பாப்பாவுக்கு நேர் கீழே அளங்கள். சிமிட்டிய இரண்டு மூன்று நொடியில் அளங்கள், எல்லா முறையும் அதே மாதிரி. வெளிச்சத்தைக் கூசும்படி வைத்தால் கண்ணீர் பெருகி விளிம்பு உயர்ந்துவிடும், மங்கலாக வையுங்கள். கண்ணீர்ப் பாதை அடைத்திருப்பவர்களுக்கும், வெள்ளைவிழியின் தோல் தளர்ந்து இமையோரத்தில் மடிந்து கிடப்பவர்களுக்கும் இந்த அளவு ஏமாற்றும். முதல் வகையில் நீர் வெளியேறாமல் தேங்கும், இரண்டாவதில் அந்த மடிப்பே விளிம்பை மறைத்துவிடும்.

எதை முதலில், எதைக் கடைசியில்

கண்ணைக் குறைவாகத் தொந்தரவு செய்வது முதலில். பேச்சு, கேள்விப் பட்டியல். அப்புறம் தொடாமல் பார்க்கும் இமையோர ஈரமும் கண்ணீர்ப் படலம் உடையும் நேரமும் (சிமிட்டிய பின் அந்தப் படலம் எத்தனை நொடி உடையாமல் நிற்கிறது என்பது). ஆஸ்மோலாரிட்டி, அதாவது கண்ணீரின் உப்புச் செறிவு, எடுப்பதென்றால் எந்தச் சொட்டும் விழுவதற்கு முன். நூல் சோதனை அதற்கு அடுத்து. ஃபுளோரசின் சாயமிட்டுக் கருவிழியைப் பார்ப்பது பிறகு. ஷிர்மர் கடைசி, அதுவும் ஒரு இடைவெளி விட்டு. தாள் உரசிய இடத்தில் சாயம் பிடிக்கும், ஷிர்மரை முதலில் செய்துவிட்டுச் சாயம் போட்டால் தாள் செய்த காயத்தை நோய் என்று எழுதிவிடுவோம். ஒரே நாளில் மருந்து விடாமலும் விட்டும் இரண்டு ஷிர்மரும் வேண்டுமென்றால் விடாமல் செய்வது முன்னால், நடுவில் நல்ல ஓய்வு.

சோதனைக்கு வருபவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பிருந்து எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம் (கிளகோமா போன்றவற்றுக்கான சொட்டு என்றால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்). கான்டாக்ட் லென்ஸ் போடாமல் வாருங்கள், கண் மை வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதி வாருங்கள், ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் கண்ணீரைக் குறைக்கும். அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும். வடிதாளை வெட்டி வீட்டில் முயல்வது வேண்டவே வேண்டாம், கருவிழி கீறிப்போகும்.

எண் வந்தாயிற்று, இப்போது என்ன

முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுரப்புச் சோதனையை மட்டும் வைத்துக் கண் உலர்வு உண்டு, இல்லை என்று முடிவு செய்வதில்லை. கண் உலர்வு பற்றிப் பன்னாட்டு நிபுணர் குழு 2017இல் வெளியிட்ட டிஎஃப்ஓஎஸ் ட்யூஸ் 2 அறிக்கை அறிகுறிக் கேள்விகளையும், அதனுடன் படலம் உடையும் நேரம், ஆஸ்மோலாரிட்டி, சாயம் பிடித்தல் இவற்றில் ஒன்றையும் வைத்து நோயை உறுதி செய்யச் சொல்கிறது. நீரளவுச் சோதனைகள் அதற்கு அடுத்த படி: நீர் குறைந்த வகையா, ஆவியாகிப் போகும் வகையா என்று பிரிக்க. இமையில் உள்ள மைபோமியன் சுரப்பிகளின் எண்ணெய் கெட்டு, நீர் நிற்காமல் ஆவியாகும் வகைதான் அதிகம் பேருக்கு இருப்பது. அவர்களுக்கு ஷிர்மர் 15, 20 என்று தாராளமாக வரும், எரிச்சலும் இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. அவர்களைப் பார்த்துச் “சோதனை நார்மல்” என்று அனுப்பிவிடுவது பெரிய தவறு.

ஷிர்மர் 5 அல்லது கீழே, இமையோர ஈரமும் மெலிவு, கருவிழியில் சாயப் புள்ளிகள் என்று மூன்றும் சேர்ந்தால் வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா, அசதி இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். ஷோகிரன் நோய்க்கான 2016 அளவுகோலில் ஒரு கண்ணிலாவது 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது குறைவு என்றால் 1 மதிப்பெண், அது மருந்து விடாமல் எடுத்த ஷிர்மர். மொத்தம் 4 வேண்டும், ரத்தத்தில் எஸ்எஸ்ஏ எதிர்ப்பொருளுக்கு 3, உதட்டுச் சுரப்பியின் திசுப் பரிசோதனைக்கு 3 என்று மற்றவை இருக்கின்றன. அதாவது தாள் காட்டிய 4 மி.மீ. உங்களை நோயாளி ஆக்கிவிடாது, வாத நோய் மருத்துவரிடம் அனுப்பக் காரணம் ஆகிறது, அவ்வளவே.

எண் மிகக் குறைவு, ஆனால் எரிச்சலே இல்லை என்பவர்களை லேசாக விடாதீர்கள். சர்க்கரை நோய், அக்கி, லேசிக் அறுவை, பல வருடக் கான்டாக்ட் லென்ஸ், இவற்றில் கருவிழியின் உணர்ச்சியே மங்கியிருக்கலாம். உறுத்துவது தெரிந்தால்தானே கண்ணீர் வரும். உணர்ச்சியைச் சோதித்துப் பாருங்கள், மரப்பு மருந்து விடுவதற்கு முன்.

மறுபடி எடுக்கும்போது 8 இருந்தது 11 ஆகிவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படவோ, 11 இருந்தது 8 ஆகிவிட்டது என்று கலங்கவோ வேண்டாம். அதே கண்ணில் நாளுக்கு நாள் அந்த அளவு ஏறி இறங்கும். 2, 3 என்று இரண்டு மூன்று முறை தொடர்ந்து வந்தால் அது உறுதியான செய்தி. கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, வெளிச்சம் தாங்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ எந்தத் தாளுக்கும் நூலுக்கும் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது ஒரு வரிதான்: “ஷிர்மர், மரப்பு மருந்து இல்லாமல், கண் மூடி, 5 நிமிடம், வ. 7 மி.மீ., இ. 9 மி.மீ., காலை 10 மணி.” உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் எண் மட்டும் இருந்தால், கிளம்புவதற்கு முன் எடுத்தவரிடமே கேட்டு அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கு ஞாபகம் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது.